திரையை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள்

நார்த்தாமலை.

முதியோர் இல்லங்களில் ஆயாவாகவும் அட்டெண்டராகவும் வேலைக்குச் சேர்ந்திருக்கிற, சேரப்போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு,



கீரனூர், அன்னவாசல், அம்மாசத்திரம் என்று நம் மலையைச் சுற்றிய ஊர்களில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள் முன்பெல்லாம் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். இப்போது திருச்சிக்கும் கோவைக்கும் சென்னைக்கும் முதியோர் இல்ல வேலைக்குப் போகிறீர்கள். இனி இன்னும் நிறையப் பேர் போவீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். 2021-க்குப் போட்ட மதிப்பீட்டில் அது 13.6 ஆகிவிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பெற்றவர்கள் ஓர் ஊரிலும் பிள்ளைகள் வேறு தேசத்திலுமாக வீடுகள் பிரிந்து கிடக்கின்றன. படுக்கையில் விழுந்தவரைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

போவதற்கு முன் ஏஜென்சிக்காரர்கள் சில நாள் பழக்குகிறார்கள். பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க, டயப்பர் மாட்டச் சொல்லித் தருகிறார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் விடிகாலையில் கையில் வாளியையும் சோப்பையும் கொடுத்து, "அந்த வரிசையில இருக்கவங்களக் குளிப்பாட்டிட்டு வா" என்பார்கள். முன்பின் தெரியாத, உங்கள் அப்பத்தா வயதுள்ள ஒருவரின் சேலையை நீங்கள் அவிழ்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவள் நான். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், "ஆயா வேலைதானே" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். ஊசி போடுவது உயர்ந்த வேலை, உடம்பு துடைப்பது தாழ்ந்த வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நர்ஸிங் படிப்பில் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிற பாடங்களில் ஒன்று, படுத்திருப்பவரைக் கட்டிலிலேயே துடைத்துவிடுவது. நர்ஸாக வேலைக்குச் சேர்ந்ததும் அதுதான் முதலில் ஆயா கைக்கு மாறிப் போகிறது. தொடுகிற வேலையை அழுக்கு வேலை என்று ஒதுக்கிவிட்டால், அதைச் செய்கிறவர் மட்டும் கீழே இறங்குவதில்லை. யாருடைய உடம்பைத் தொடுகிறோமோ அவரும் சேர்ந்து அழுக்கு மூட்டையாகிவிடுகிறார்.

நம் முன்னோர் இப்படி நினைக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். வீரராசேந்திர சோழர் காலத்தது, 11-ஆம் நூற்றாண்டு. நம் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் எழுந்து அப்போது ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கல்வெட்டு 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, சொல்கிறது. 15 படுக்கை. அங்கே வைத்தியருக்கும் அறுவை செய்பவருக்கும் மட்டும் நெல் அளக்கவில்லை. நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள் இருவருக்கும், முடி மழிக்கிற நாவிதருக்கும், தண்ணீர் கொண்டுவருகிறவருக்கும் தனித்தனியே கூலி எழுதிக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். முடியும் தண்ணீரும் கவனிக்கிற கையும் மருத்துவத்துக்குள்ளே இருந்தன, வெளியே இல்லை. இன்றைக்கு மாதம் பல ஆயிரம் வாங்குகிற இல்லங்களில் சவரம் செய்ய ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன்.

நம் முத்துமாரியம்மனுக்கு அலங்காரம் செய்யும்போது என்ன நடக்கும்? திரையை இழுத்துவிடுவார்கள். பங்குனித் திருவிழாவுக்கு எத்தனை ஆயிரம் பேர் வெளியே நெருக்கிக்கொண்டு நின்றாலும், உடுத்தி முடித்த பிறகுதான் திரை விலகும். குழந்தையிலிருந்து நீங்கள் பார்த்த காட்சி இது. இல்லத்தில் கட்டிலில் படுத்திருக்கும் அப்பத்தாவுக்கும் அந்தத் திரை வேண்டும். கதவு இருந்தால் கதவைச் சாத்துங்கள். கதவில்லாத பொது ஹாலாக இருந்தால் தள்ளுதிரை கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டிப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிடுங்கள். திரை வந்த பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, கேட்க வேண்டும். "அப்பத்தா, இப்பத் தொடச்சு விடட்டுமா, காப்பி குடிச்சிட்டுப் பார்த்துக்கலாமா?" அவ்வளவுதான். "இப்ப வேணாம்" என்றால் பத்து நிமிஷம் கழித்து வாருங்கள். எந்நேரமும் அடுத்தவர் சொல்கிற நேரத்துக்கு எழுந்து, சொல்கிற நேரத்துக்குத் தின்று, சொல்கிற நேரத்துக்குப் படுக்கிற ஒருவருக்கு, அந்தப் பத்து நிமிஷத்தைத் தானே தீர்மானிப்பது பெரிய சொத்து. அதைப் பிடுங்காதீர்கள்.

தண்ணீரை மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிச் சூடு பாருங்கள். வயதானவர்களின் தோல் மெல்லிசு. உங்களுக்கு இதமாக இருப்பது அவர்களுக்குச் சுடும். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரு பெரிய விரிப்பைப் போர்த்தி, அதற்கு அடியிலேயே உடையைக் கழற்ற வேண்டும். எந்த இடத்தைத் துடைக்கிறீர்களோ அந்த இடம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். துடைத்ததும் ஒற்றி உலர்த்தி, மூடிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போங்கள். கண்ணை முதலில், சோப்பில்லாமல், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. பிறகு முகம், கை, மார்பு, கால், முதுகு. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரம் தங்கினால் இரண்டே நாளில் சிவந்து புண்ணாகும். அங்கே மட்டும் அவசரமே கூடாது.

மறைவிடத்துக்குத் தண்ணீரை மாற்றுங்கள், துணியையும் மாற்றுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மலக்கிருமி மூத்திரப் பாதைக்குள் போய்விடும். அவர்களாலேயே முடியுமென்றால் நனைத்த துணியைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கை நடுங்கும், நேரம் ஆகும், சரியாகச் சுத்தமாகாது. கடைசியில் "நான் ஒரு வாட்டி சரி பண்ணி விடறேன்" என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். அந்த உடம்பின் அந்த இடத்தை இத்தனை வருஷம் அவர் ஒருவர்தான் தொட்டுக் கழுவியிருக்கிறார். ஒரு நாளில் அதை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

துடைக்கும்போது கண்ணும் வேலை செய்ய வேண்டும். வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால் மூன்றிலும் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாகவோ கல் மாதிரியோ இருக்கும். அன்றே நர்ஸிடம் சொல்லி நோட்டில் எழுதுங்கள். தானே புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவதும் மானத்தோடு சேர்ந்த விஷயம்தான். தன் புண்ணின் வாடை தனக்கே வீசும்போது பார்க்க வந்த பேரனைப் பக்கத்தில் உட்காரச் சொல்ல ஒரு ஐயாவுக்கு நா எழாது.

நான் போய்ப் பார்த்த ஓர் இல்லத்தில், பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் பெண்கள் ஆறேழு பேர் துணியில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் ஓஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க, இன்னொருத்தி சோப்புப் போட்டுக்கொண்டே போனாள். கேஸ் சிலிண்டர் இறக்க வந்த ஆள் அந்த வழியாகத்தான் போனார். வரிசையில் ஓர் அம்மா மட்டும் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக்கொண்டிருந்தார். கையை எடு என்று அதட்டினார்கள். எடுக்கவில்லை. பெற்ற மகளின் பெயர்கூட நினைவில்லாத அளவுக்கு மறதி நோய் முற்றியவர் அவர் என்று பிறகு சொன்னார்கள். அப்படிப்பட்டவருக்கும் ஆள் நடமாட்டம் தெரிந்திருக்கிறது, மறைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. "அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கும். டயப்பர் மாட்ட இடைஞ்சல் என்று கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகிறார்கள். அதை அறுப்பது உயிர் போன பிறகுதான் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. உயிரோடு இருக்கும்போது அறுபட்டால் அவர் மனசுக்குள் என்ன ஓடும்? கயிறு இறுக்கமாக இருந்தால் தளர்த்திக் கட்டலாம். அழுக்காக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் புதுக் கயிறு கட்டிய பிறகு பழையதை எடுக்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

பெண்களுக்கு முடி. பேன் வரும், சிக்கு விழும், எண்ணெய் வைக்க ஆளில்லை என்று எல்லோருக்கும் ஒரே கிராப்பாக வெட்டிவிடுகிற இல்லங்கள் இருக்கின்றன. எழுபது வருஷம் கொண்டை போட்ட தலை. மருத்துவக் காரணம் இல்லாமல், அவர் சம்மதம் இல்லாமல் அதில் கத்தரி படக் கூடாது. எல்லோருக்கும் நைட்டி மாட்டுவதும் அப்படியேதான். வாழ்நாளில் நைட்டி போடாதவர், சேலை மாராப்பு இல்லாமல் வாசலுக்கு வராதவர், அந்தத் தொளதொளத்த துணியில் ஹாலில் உட்கார வைக்கப்பட்டதும் பேச்சையே குறைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். சேலை கட்டிவிட நேரமில்லை என்றால் நைட்டிக்கு மேல் ஒரு துண்டோ தாவணித் துணியோ போட்டுவிடுங்கள். இஸ்லாமியப் பாட்டிமாருக்குத் தலைமுக்காடு, திருநீறு பூசுகிறவருக்குத் திருநீறு, தண்டட்டி போட்டு வளர்த்த காதுக்கு அந்தத் தண்டட்டி. நகை பத்திரமாக இருக்காது என்றால் வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் கழற்றும் முன் கேட்க வேண்டியது வீட்டாரை அல்ல, காதுக்குச் சொந்தக்காரரை.

எல்லாவற்றையும்விடப் பெரியது கக்கூஸ் விஷயம். இதில்தான் மனுஷர்கள் உடைந்துபோகிறார்கள்.

ஒருவர் கூப்பிடுகிறார். "ஆத்தா, ஒண்ணுக்குப் போகணும்." ஆள் பிடித்தால் நடந்து போகக்கூடியவர். நீங்கள் நான்கு பேருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்திலிருக்கும் சீனியர் சொல்வார்: "டயப்பர் போட்டிருக்குல்ல, அதுலயே போகச் சொல்லு." இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வர விடாதீர்கள். வாழ்நாளெல்லாம் அடக்கிப் பழகிய உடம்பை, படுத்த இடத்திலேயே விடு என்று சொல்கிறோம். முதல் நாள் அவர் அடக்கிப் பார்ப்பார். இரண்டாம் நாள் அழுவார். ஒரு மாதத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். பிறகு நடையும் போய்விடும். நடக்க வைத்தால் நடந்திருக்கக்கூடிய காலை நாமே கட்டிலில் கட்டிப்போட்டதாக ஆகும்.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் எப்போது போகிறார்கள் என்று மூன்று நாள் நோட்டில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் எழுந்ததும், சாப்பிட்டுச் சிறிது நேரத்திலும், பிறகு இரண்டு மூன்று மணிக்கொரு தடவையும் இருக்கும். அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடும் முன் நீங்கள் போய்க் கேளுங்கள். நடக்க முடியாதவருக்குக் கமோடு நாற்காலி. உட்கார வைத்துவிட்டு மடியில் ஒரு துண்டைப் போட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் மணி வைத்துவிட்டுத் திரைக்கு வெளியே நில்லுங்கள். விழுந்துவிடுவார் என்ற பயம் இருந்தால் உள்ளே இருக்கலாம், முதுகைக் காட்டிக்கொண்டு. டயப்பர் அவசியமானவர்களுக்கு அவசியம்தான். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஒன்றின் விலை முப்பது நாற்பது ரூபாய் என்று, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்குப் போட்டு மாற்றாமல் வைத்திருப்பது கொடுமை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் அதே கணக்கில் வருவதுதான். படுக்கை நனையாது. ஆனால் மூத்திரத் தாரையில் கிருமி பிடிக்கும், காய்ச்சல் வரும், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று ஆள் தெரியாமல் உளறுவார். "வயசாச்சு, புத்தி பிசகிருச்சு" என்பார்கள். பிசகியது தண்ணீர்க் கணக்கு.

படுக்கை நனைந்துவிட்டால் சத்தம் போடாதீர்கள். "மறுபடியுமா?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் விரிக்கிற வெள்ளை விரிப்பால் பயனில்லை. மூத்திரப் பை மாட்டியிருப்பவருக்கு அதன் மேல் ஒரு துணி உறை போடுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும் என்பது மருத்துவம். பார்க்க வருகிறவர் கண்ணில் அது படாமல் இருப்பது மரியாதை. இரண்டும் உங்கள் வேலை.

சிலர் தொட்டாலே அடிப்பார்கள், கடிப்பார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் இது அதிகம். அவருக்கு என்ன தெரிகிறது என்று அவர் கண்ணிலிருந்து பாருங்கள். யாரோ ஒருத்தி பின்பக்கமாக வந்து சேலையை இழுக்கிறாள். அடிக்காமல் என்ன செய்வார்? பிரான்சில் 1979-இல் ஈவ் ஜினஸ்த், ரோசெத் மரெஸ்கோத்தி என்ற இரண்டு உடற்பயிற்சி ஆசிரியர்களை மருத்துவமனை ஊழியர்களிடம் அனுப்பினார்கள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி ஊழியர்களுக்கு முதுகு போகிறது, அதைத் தடுக்கச் சொல்லித் தர வேண்டும் என்று. போன இடத்தில் அவர்கள் கண்டது வேறு. நிற்கக்கூடியவர்களைக்கூட நிற்கவிடாமல் எல்லாவற்றையும் ஊழியர்களே செய்துகொண்டிருந்தார்கள். முகம் பார்க்காமல், பேசாமல். அதிலிருந்து அவர்கள் வகுத்த முறை இன்று ஜப்பான்வரை பரவியிருக்கிறது. எதிரே வந்து கண்மட்டத்துக்குக் குனிந்து பார். பேசு, பதில் வராவிட்டாலும் கை செய்கிற ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய். மணிக்கட்டை மேலிருந்து கவ்விப் பிடிக்காதே, உள்ளங்கையை விரித்துக் கீழிருந்து தாங்கு. முடிந்த மட்டும் நிற்க வை. இந்த நான்குதான். காசு செலவில்லாதது. இதில் உங்கள் முதுகும் பிழைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கூப்பிடுகிற விதமும் தொடுகிற விதத்தில் சேர்ந்ததுதான். எல்லோரையும் "பாட்டி" என்று கூப்பிடாதீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் "டீச்சர்" என்று கூப்பிட்டால் நிமிர்ந்து உட்காருவார். "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு, தலைமாட்டு அட்டையில் எழுதிவையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைப் புரட்டும்போது அவர் தலைக்கு மேலே நேற்றுப் பார்த்த சீரியல் கதையைப் பேசிக்கொள்ளாதீர்கள். செல்போனைக் குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. பெரியவர்கள் பாடுவதையும் அழுவதையும் வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவது இப்போது வேடிக்கையாகிவிட்டது. பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்களும் தட்டை நீட்டச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். சோறு போடுவது நல்ல காரியம்; அதற்காக யாரும் தன் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. "வேண்டாம் சார், அவங்களக் கேட்டுட்டு எடுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி உங்களைப் பற்றி. மறைக்காமல் எழுதுகிறேன். சில பெரியவர்கள் உங்கள் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்ததும், "நீ தண்ணி குடுக்க வேணாம், வேற புள்ளைய வரச்சொல்லு" என்பார்கள். மலம் அள்ள மட்டும் நீங்கள் வேண்டும். வயசானவர் பேச்சு என்று இதை விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு முதியோர் இல்லத்துக்கும் பொருந்தும். சேர்க்கும்போதே, இங்கே யார் கையாலும் சாப்பாடும் தண்ணீரும் வரும் என்று பெரியவரிடமும் குடும்பத்திடமும் சொல்லி எழுதி வாங்குவது நிர்வாகத்தின் கடமை. கை நீளுகிற ஆண்கள் இருப்பார்கள். நோயால் செய்கிறாரோ குணத்தால் செய்கிறாரோ, நீங்கள் அதைத் தாங்கிக்கொள்ள அங்கே போகவில்லை. அவரிடம் ஆண் ஊழியர் போகட்டும், அல்லது இரண்டு பேராகப் போங்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

நான் மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, "அக்கா, இருபது பேருக்கு நான் ஒருத்தி, இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடக்காது. அதனால்தான் இந்த மடலின் மீதியை உங்கள் முதலாளிகள் காதிலும் விழும்படி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில் 2005-க்கும் 2009-க்கும் நடுவே நடந்ததை விசாரித்து ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் 2013-இல் அறிக்கை கொடுத்தார். அசுத்தமான படுக்கையிலேயே பெரியவர்கள் மணிக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் வரவில்லை. தண்ணீர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. காரணம் ஊழியர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். மேலே இருந்தவர்கள் கணக்கைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்க்கவில்லை. பணமும் சட்டமும் நிறைந்த தேசத்திலேயே அப்படி. நம் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் 2023 பிப்ரவரியில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டு வந்த செய்தியை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்ததாகப் புகார்களில் வெளிவந்த கொடுமைகள் சட்டென்று ஒரே நாளில் முளைத்தவையாக இருக்க முடியாது.

நம் நாட்டில் 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. முதியோர் இல்லங்களில் என்ன தரம் இருக்க வேண்டும் என்று மாநில அரசு வகுக்கலாம் என்றும் இருக்கிறது. கட்டிடத்தின் அளவு, கட்டில்களின் எண்ணிக்கை இவற்றைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்கள். குளிக்கிற இடத்துக்குக் கதவு இருக்கிறதா, ராத்திரி ஷிஃப்டில் ஓர் ஆள் எத்தனை பேரைப் பார்க்கிறார், யாரையாவது கட்டிலில் கட்டிவைக்கிறார்களா என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1987-லேயே, ஊழியர் வசதிக்காக யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்று முதியோர் இல்லங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆகவே வேலைக்குச் சேரும்போது சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என் பொறுப்பு? ராத்திரியில் இன்னொருவர் உண்டா? கையுறை, மாஸ்க் யார் வாங்கித் தருவார்கள்? தூக்கிப் புரட்ட இரண்டாவது ஆள் வருவாரா? திரை இருக்கிறதா? நான் தூங்க இடமும், கதவுள்ள குளியலறையும் இருக்கிறதா? ஹாலில் நோயாளி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளையால், பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுச் சாப்பிட உட்காரும்போது திட்டு வாங்குகிற பிள்ளையால், அடுத்தவருக்குத் திரை இழுத்துவிட எத்தனை நாள் தோன்றும்? இதைக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். ஒருவர் கேட்டால் போகலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் ஏஜென்சிக்காரர் உட்கார்ந்து பேசுவார். ஆள் கிடைக்காத தொழில் இது.

சேர்ந்த பிறகு எழுதும் பழக்கத்தை விடாதீர்கள். டூட்டி மாறும்போது நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள்: எப்போது புரட்டினோம், எப்போது மாற்றினோம், எங்கே சிவந்திருக்கிறது, ஆள் போதாமல் எது விட்டுப்போனது. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்குப் பழி வந்தால் உங்களைக் காப்பதும் அதுதான், நிர்வாகத்தை அசைப்பதும் அதுதான். பொறுக்க முடியாத கொடுமை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

வீட்டில் இருக்கிற அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனில் "இன்னிக்கு எத்தன பேருக்கு மலம் எடுத்தேன் தெரியுமா" என்று அழுதால், "இதுக்கா ஒன்னப் பெத்தேன்" என்று கூடச் சேர்ந்து அழாதீர்கள். "கையக் கழுவிட்டுச் சாப்புட்டியா?" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் நோய்த்தணிப்பு நர்ஸ்கள் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடு தேடி வருகிறார்கள். அடுத்த முறை நம் தெருவுக்கு வரும்போது அவர்கள் எப்படித் துடைக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று நின்று கவனியுங்கள். உங்கள் பிள்ளை செய்வதும் அதே வேலைதான்.

பங்குனித் திருவிழாவுக்கு லீவில் வருவீர்கள். பூச்சொரிதல் முடிந்த மறுநாள் பத்து மணிக்கு, வர முடிந்தவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். கட்டில், ரப்பர் ஷீட், இரண்டு பேசின், விரிப்பு எல்லாம் எடுத்துவைக்கிறேன். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவதையும் துடைத்துவிடுவதையும் செய்து பழகலாம். முதலில் நான் படுத்துக்கொள்கிறேன். அப்புறம் நீங்கள் ஒவ்வொருவராகப் படுக்க வேண்டும். அடுத்தவர் உங்கள் கையைத் தூக்கித் துடைக்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். ஆண்பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் தனியாக ஏற்பாடு செய்கிறேன். மாற்றுத்துணி ஒன்று கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஓய்வுபெற்ற செவிலியர்.